சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒருவருடைய பெயரை எழுதும்போது கை தானாகவே கொஞ்சம் மரியாதை கொடுத்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவள் நான், எனக்குத் தெரியும். எங்கள் ஏழு பெண்களின் பெயரில் ஒன்றைக்கூட அவர் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை. அவருக்கு அவர்கள் ஒண்ணாம் பலகை, ரெண்டாம் பலகை, அப்படித்தான். என் மகள் ராஜம் மூணாம் பலகை.

பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் சட்டி பானையோடு தெற்கே ஓடிவந்தார்களே, அந்த வருஷம் அவரும் மதுரைக்கு வந்து சேர்ந்தார். சொந்த ஊர் இந்தப் பக்கம்தான் என்று பேச்சில் தெரியும். வடக்கே ஒரு பெரிய நாட்டியக் குழுவில் பத்து வருஷம் இருந்தாராம். பிறகு பட்டணத்தில் படக்கம்பெனிகளில் கூட்டமாக ஆடும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். தான் கற்றுத்தருவது சதிர் இல்லை, பாலே என்பார். ஒரு கதையை யாரும் வாய் திறக்காமல் பத்துப் பேர் சேர்ந்து ஆடிக் காட்டுவது.

என் வீட்டுக்காரர் மில்லில் குமாஸ்தா. விஷயத்தைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்: "பாலேயாவது மோராவது. ஒரு எருமையை வாங்கிக் கட்டுனா அதாவது கறக்கும்."

"காலம் மாறிப்போச்சுங்க. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்லாம் மேடை ஏறுது. பத்திரிகையில படம் போடுறாக."

"பரவையில இருக்கிற என் அண்ணன் கேட்டா நீயே பதில் சொல்லிக்க."

சொல்லிக்கொண்டேன். சின்ன வயதில் எனக்கு ஆட ஆசை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதற்கு என் கூடப்பிறந்த அண்ணன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளுக்குப் பதிலாகத்தான் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேனோ என்னவோ. அப்போது அப்படி நினைக்கவில்லை.

காளவாசல் அன்றைக்குச் செங்கல் சூளைப் புகையும் மாட்டுவண்டித் தடமும்தான். வேலை நின்றுபோன ஒரு சூளையின் கொட்டகையை அவர் வாடகைக்குப் பிடித்திருந்தார். தரையில் ஏழு கனத்த பலகைகளை நீளவாக்கில் பதித்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் குழி தோண்டி ஒரு பானையைப் புதைத்திருந்தார். ஒன்றைப் போல ஒன்று இராது. சிறிது, பெரிது, வாய் குறுகியது, வயிறு பருத்தது. அதனால் ஒவ்வொரு பலகையும் மிதித்தால் ஒவ்வொரு குரலில் பேசும். பலகைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, ஒரு மரப்பெட்டியின்மேல் அவர் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு கட்டை, கையில் தட்டுக்கழி.

முதல் நாள் நாங்கள் உள்ளே போனபோதும் அவர் திரும்பவில்லை. "நட தாயி" என்றார். ஒன்பது வயது ராஜம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பலகையின்மேல் அந்தக் கோடிவரை நடந்தாள்.

"செருப்புப் போட்டு வளத்த பிள்ளை. வலது குதிகாலை ஊனி நடக்குது. ஆளு கனமில்லை. நாளைக்கு வரச்சொல்லுங்க டீச்சரம்மா."

நான் டீச்சர் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வெளியே வந்து அதைச் சொல்லி ஆச்சரியப்பட்டேன். கொட்டகை வாசலில் சூளை ஆட்களுக்கு இட்லிக்கடை போட்டிருந்த ஒரு பெண் சிரித்தாள். "அதென்ன அதிசயம் டீச்சரக்கா? நீங்க நடக்கிறதே பிரம்பைக் கையில வச்சுக்கிட்டு நடக்கிற மாதிரித்தான இருக்கு." அவளுடைய அக்காள் மகள் செல்லம்தான் நாலாம் பலகை. தாயில்லாத பிள்ளை. ராஜத்தைவிட ஒரு வயது மூப்பு.

அவருக்குக் கண் தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பொய். இட்லிக்கடையில் உட்கார்ந்து பத்திரிகையில் பொடி எழுத்தில் வந்திருக்கும் யுத்தச் செய்தியைக் கடகடவென்று படிப்பார். கண்ணாடிகூடக் கிடையாது. பார்க்க முடியாமல் போனவர் அல்ல, பார்க்க மறுத்தவர். அதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

"மூஞ்சி பொய் சொல்லும். பாதம் சொல்லாது. மூஞ்சியப் பாத்துட்டா எனக்குப் பாவம் பாக்கத் தோணும். பாவம் பாத்தா ஆட்டம் போச்சு."

இதைக் கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்களிடம் சொல்லிக்கூடக் காட்டினேன்.

பரவைச் சந்தையில் ஒருநாள் எதிரே வந்தார். ராஜம் ஓடிப்போய் "வணக்கம் மாஸ்டர்" என்று நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார். அப்போது அவள் அவரிடம் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி நாலு எட்டு வைத்தாள். பின்னாலிருந்து அவர் குரல்: "அட, மூணாம் பலகை." ராஜம் வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தாள். தன்னை அடையாளம் கண்டுவிட்டாராம். அவளோடு சேர்ந்து சிரிக்க எனக்கு வரவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டத்தைப் பார்க்கத் தாய்மார்களை அவர் விடுவதில்லை. "பெத்தவ கண்ணு பட்டா பிள்ளைக்குக் கால் தடுமாறும்" என்று கொட்டகை வாசலில் ஓலைத்தட்டி வைத்து அடைத்துவிட்டார். இட்லிக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நாங்களும் காதால்தான் கேட்டுக்கொண்டிருப்போம். கொஞ்ச மாதத்தில் எனக்கும் பழகிவிட்டது. எது ராஜத்தின் பலகை, எது செல்லத்தின் பலகை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அதில் எனக்கு ஒரு கர்வம்.

அஞ்சாம் பலகையில் ஒரு பெண் இருந்தாள். வில்லாபுரத்திலிருந்து வருவாள். காய்ச்சலில் நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது அவள் பலகையில் வேறு பெண் நின்றிருந்தாள். அவள் அம்மா தட்டிக்கு வெளியே நின்று கெஞ்சினாள்.

"பலகை ஊமையாக் கிடக்கக் கூடாதும்மா" என்றார் உள்ளிருந்து. "ஊமையானா ஆளை மாத்திருவேன். பட்டணத்துல இதுதான் முறை. அங்க ஒரு பிள்ளை விழுந்தா அடுத்த தட்டுக்குள்ள இன்னொரு பிள்ளை நிக்கும்."

அந்த அம்மா அழுதுகொண்டே போனாள். நாங்கள் ஆறு பேர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தோம். எங்கள் பிள்ளைகளின் பலகை எங்களுக்கு இருந்தது. உள்ளே ஏழு பெண்களும் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் வருஷ முடிவில், யுத்த நிதிக்காக ஊரில் ஒரு நாடகக் கொட்டகையில் சாயந்தர நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. வானம் பார்த்த பூமியில் மழை வரும் கதை. உழவர்கள், மேகங்கள், கடைசியில் ஒரு மயில். மயிலாக ராஜம். மழை இறங்கும் முன் மயில் இடது காலால் மட்டும் பதினாறு குதி குதிக்க வேண்டும். மேகங்கள் அசையாமல் நின்று கையை மட்டும் ஆட்டும். பட்டணத்திலிருந்து படக்கம்பெனி ஆள் ஒருவர் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. பிடித்துவிட்டால் மாதச் சம்பளத்தில் ஒரு பெண்ணைக் குழுவுக்கு எடுத்துக்கொள்வாராம். என் வீட்டுக்காரர்கூட அதற்குப் பிறகு எருமைப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசி மூன்று வாரம் மயிலையே திரும்பத் திரும்ப ஆடவிட்டார். இரண்டாம் நாளே ராஜத்தின் இடது கணுக்கால் வீங்கியது. புளியும் உப்பும் காய்ச்சிப் பத்துப் போட்டேன். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் அவரிடம் போய்த் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்.

"மாஸ்டர், பிள்ளைக்குக் கால் வீங்கியிருக்கு. ஒரு நாலு நாள் லீவு குடுங்க."

"வீங்குன கால் எப்படி டீச்சரம்மா தட்டும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"நின்னு கேளுங்க. மூணாம் பலகை, மயில்."

தட்டுக்கழி விழுந்தது. பதினாறு குதியும் பதினாறு அடியாகக் கேட்டன. கனமாக, நிறுத்தி, ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல். மூணாம் பலகையின் அந்தப் பருத்த குரல்தான், சந்தேகமில்லை.

"இது வீங்குன காலா? இப்பத்தான் மயிலுக்கு உயிரே வந்திருக்கு. பிள்ளைக வீட்டுல செல்லங் கொஞ்ச ஆயிரம் சொல்லும். பாதத்தைக் கேளுங்க."

என் விரலால் தொட்டுப் பார்த்த வீக்கம் அது. அழுத்தினால் குழி விழுந்து நின்றது. அதை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தை நம்பினேன். பெருமையாகக்கூட இருந்தது. "என் மகளைப் புகழ்ந்துட்டாரு" என்று இட்லிக்கடைக்காரியிடம் சொன்னேன். அவள் ஏனோ சட்னியைக் கிண்டிக்கொண்டே, "ம், புகழட்டும்" என்றாள்.

நிகழ்ச்சி அன்று கொட்டகை நிறைந்திருந்தது. முன்வரிசையில் பெரிய உத்தியோகஸ்தர்களும் அவர்கள் வீட்டு அம்மாக்களும். படக்கம்பெனி ஆள் ஓரத்தில், கைக்குட்டையால் விசிறிக்கொண்டு. நான் மூன்றாம் வரிசை. அவர் மேடையின் பக்கவாட்டில், அங்கேயும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, படுதாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் ராஜத்தின் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மேகங்கள் பின்னால் தள்ளி நின்றன. மயில் முன்னால் வந்தது. முதல் குதியில் சத்தம் மெலிந்து கேட்டது. இரண்டாவதில் இன்னும் மெலிந்தது. அவர் கட்டையை ஓங்கித் தட்டினார். ராஜத்தின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பூசியிருந்த பவுடரின்மேல் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியது. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள், அவர் ஒருவரைத் தவிர.

நான் எழுந்திருக்கவில்லை. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. இன்னும் ஐந்துதானே என்று நினைத்தேன்.

பன்னிரண்டாவதில் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். தட்டுக்கழி நிற்கவில்லை. அவர் திரும்பாமலே, தட்டுச் சத்தத்துக்கு மேலே எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்:

"எந்திரி, மூணாம் பலகை."

அப்போது மேகங்களில் ஒன்று விலகி முன்னால் வந்தது. செல்லம். விழுந்து கிடந்தவளைத் தாண்டி நின்று, மீதி ஐந்து குதியையும் இடது காலால் குதித்து முடித்தாள். கனமாக, நிறுத்தி, இம்மியும் பிசகாமல். அந்த அடியைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு, கழி பிந்தியது. அப்புறம் சரியாகப் போயிற்று. மயில் விழுவதும் மேகம் மயிலாவதும் கதையில் உள்ளதுதான் என்று ஜனங்கள் கைதட்டினார்கள். முன்வரிசை அம்மாக்களும் தட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னிக்கு முறிஞ்சதில்லம்மா" என்றார். "எலும்பு கீறி இருபது நாளாவது ஆகியிருக்கும். அதுமேலயே குதிச்சிருக்கு. உங்க வீட்டுல யாரும் பாக்கலியா?"

ராஜம்தான் எனக்குப் பதிலாகச் சொன்னாள். "அம்மா பாத்துச்சு. நாந்தான் வலிக்கலன்னேன்."

மறுநாள் செல்லம் கட்டிலண்டை நின்று அழுதாள். பிள்ளைகள் ஏழு பேரும் கூடி ஏற்பாடு செய்துகொண்டதாம். மாஸ்டர் திரும்பமாட்டார் என்று தெரியும். அம்மாக்கள் தட்டிக்கு வெளியே என்றும் தெரியும். குதி வரும்போது ராஜம் சும்மா கையை விரித்து நிற்பாள். நாலாம் பலகையில் நிற்கும் செல்லம் ஒரு காலை நீட்டி மூணாம் பலகையில் மிதிப்பாள். ஊமையானால் பலகை போய்விடுமே. "அதுக்குள்ள ஆறிரும்னு நெனச்சோம் டீச்சர்" என்றாள். அவர் இரண்டு வருஷத்தில் செய்த ஒரே புகழ்ச்சி செல்லத்தின் காலுக்குத்தான் என்று அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

படக்கம்பெனிக்காரர் செல்லத்தை எடுத்துக்கொண்டார். அவள் சின்னம்மா கடையை மூடிவிட்டுத் துணைக்குப் புறப்பட்டாள். போவதற்கு முன் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"டீச்சரக்கா, எம்மேல வருத்தமா?"

"உனக்கு முன்னமே தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்தாள். "ஒருநா தட்டி ஓட்டை வழியாப் பாத்தேன். சொன்னா உங்க மக பலகையும் போயிரும், எம்மக பலகையும் போயிரும்."

வருத்தம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அஞ்சாம் பலகையின் அம்மா அழுதபோது நானும் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தவள்தானே.

ஆஸ்பத்திரிக்கு அவர் வரவில்லை. கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். வந்தவர் நாற்காலியைத் தானே சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

"நட தாயி."

ராஜம் நடந்தாள். எங்கள் வீட்டுச் சிமிண்டுத் தரையில் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள்.

"இடது பிந்துது" என்றார். "அரைத் தட்டு. இனிச் சரியாகாது டீச்சரம்மா. நிகழ்ச்சிக்குக் குடுத்துவிட்ட சலங்கையைத் திருப்பிக் குடுத்தீகன்னா மூணாம் பலகைக்கு வேற பிள்ளை வந்திருக்கு."

ஒரு மன்னிப்பை எதிர்பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் சலங்கையைக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே போய் எடுத்து வந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடியே பின்னால் கையை நீட்டினார். அந்தக் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"திரும்புங்க" என்றேன்.

"என்ன டீச்சரம்மா?"

"திரும்பி அவ மூஞ்சியப் பாருங்க. பாத்துட்டு வாங்கிக்கங்க."

பள்ளிக்கூடத்தில் பேசும் குரலில் சொல்லியிருக்கிறேன் போல. அவர் எழுந்தார், திரும்பினார். ராஜம் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலது காலில் சாய்ந்து நின்றிருந்தாள். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ நான் அவரை ஏமாற்றிவிட்டதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இம்புட்டுச் சின்னப் பிள்ளையா?"

சலங்கையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவர் கலங்கிப்போனார் என்று திண்ணையில் இருந்த என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லுவார். இருக்கலாம். ஆனால் மறுநாள் சாயந்தரம் நான் காளவாசல் பக்கம் போனேன். கொட்டகைக்குள்ளிருந்து மூணாம் பலகை பேசிக்கொண்டிருந்தது. புதுப் பிள்ளை, கனமில்லாத ஆள். தட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பெஞ்சில் புதிதாக ஓர் அம்மா உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "எம்பிள்ளைக்குக் காலெல்லாம் நல்லாத்தான்க்கா இருக்கு" என்றாள்.

யுத்தம் முடிந்ததும் அவர் பட்டணத்துக்கே திரும்பிவிட்டதாகக் கேள்வி. செல்லம் இப்போது படங்களில் கூட்டத்தில் ஆடுகிறாள், மூன்று படத்தில் பார்த்துவிட்டோம். பின்வரிசையில் வலமிருந்து நான்காவதாகத் தெரிவாள். "இங்கே இருக்கும் மாஸ்டர் நேருக்கு நேராக முகத்தைப் பார்த்துத் திட்டுகிறார், எனக்கு அதுவே பழகவில்லை" என்று ராஜத்துக்கு எழுதியிருந்தாள். ராஜம் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ராஜத்துக்குப் பதினாறு வயதாகிறது. டீச்சர் வேலைக்குப் படிக்கப்போகிறேன் என்கிறாள். இடது கால் அரைத் தட்டுப் பிந்தித்தான் விழுகிறது, அவர் சொன்னபடியே. சமையலறையிலிருந்து வருகிறாளா, வாசலிலிருந்து வருகிறாளா, கையில் தண்ணீர்ச் செம்பு இருக்கிறதா இல்லையா, எல்லாம் எனக்குக் கேட்டே தெரியும். மழைக்காலத்தில் பிந்துவது கொஞ்சம் அதிகமாகும். நிமிராமலே, "வலிக்குதா?" என்று கேட்பேன். "இல்லம்மா" என்பாள்.

இப்போதும் வருகிறாள். வலது, இடது. பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா நீயி" என்கிறாள். "சுவத்தைப் பாத்தே எம்புட்டு நேரம் உக்காந்திருப்ப?"

பேனாவை வைத்துவிட்டுத் திரும்புகிறேன்.